அழுக மறுத்த உருளைக்கிழங்கு

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஏலத்தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு தேன் பாட்டில் வெடித்தது.

வெடித்தது என்றதும் பட்டாசை நினைத்துக்கொள்ளாதீர்கள். அபிஷேகத்துக்காகப் பூசாரி மூடியைத் திருகினார். 'டப்' என்று ஒரு சத்தம். மூடி பறந்துபோய் உண்டியல் மேல் விழுந்தது. பின்னாலேயே நுரை பொங்கி வந்தது. பூசாரியின் மீசையில் தேன், நெற்றியில் தேன், காதில்கூடத் தேன்.

குழந்தைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யோகப்பிரியாவும் சிரித்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிற யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் பாதிச் சிரிப்பில் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பாட்டிலைக் கொடுத்தது அவளுடைய அப்பா.

"நல்ல தேன் எங்கயாச்சும் இப்படிப் பொங்குமா?" கூட்டத்திலிருந்து அழகுத்தாய் அத்தையின் குரல் கேட்டது. "சீனிப்பாகு கலந்திருக்கும். சாமிக்குக் குடுக்குறதுலயுமா?"

அப்பா பொன்ராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

குமுளியிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரம் மலையேறினால் வருகிற தோட்டம் அது. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டில் கேட்கும். ஆகவே அன்று சாயங்காலத்துக்குள் 'பொன்ராஜ் சாமிக்கே கலப்படத் தேன் கொடுத்தார்' என்ற பேச்சு எட்டு வீட்டையும் சுற்றி முடித்துவிட்டது.

"ஆடிக் கடைசி வெள்ளி முடிஞ்ச மறுநாள், குமுளியில தேனீ வளக்கிற ஏசுதாஸ் அண்ணன் ஜீப்போட வருவாரு" என்றார் அப்பா, சாப்பிடும்போது. "தேன்பெட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"மூணு பெட்டியுமாப்பா?"

"மூணும்தான் தாயி. நமக்கு எதுக்கு இந்த அவப்பேரு?"

யோகப்பிரியா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். ஏலச்செடிகளுக்கு நடுவே, பலாமரத்தடியில் இருந்த அந்த மூன்று பெட்டிகளும் அவளுக்குப் பக்கத்து வீடுகள் மாதிரி. பள்ளி விட்டு வந்ததும் அங்கே போய்க் குந்திவிடுவாள். தேனீக்கள் போவதையும் வருவதையும் பார்ப்பாள். 'இது சந்தைக்குப் போகுது, இது பள்ளிக்கூடத்துக்கு லேட்டு' என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அவள் அப்படித்தான். வகுப்பில் டீச்சர் மூன்று தடவை கூப்பிட்டால்தான் ஒரு தடவை திரும்புவாள்.

அப்பா எதையும் கலக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனி மாதக் கடைசியில் அப்பா தேன் எடுத்தபோது அவர் தலைக்கு மேல் குடை பிடித்து நின்றதே அவள்தான். 'சாமிக்குப் பழைய தேனா குடுக்கிறது? புதுசுதான் குடுக்கணும்' என்று சொல்லித்தான் அப்பா எடுத்தார். பாட்டிலில் ஊற்றி இறுக்க மூடியதையும் அவள் பார்த்தாள். ஆனாலும் ஏன் பொங்கியது? அதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் அன்னமேரி டீச்சர் சாஸ்திரமேளா என்கிற அறிவியல் கண்காட்சியைப் பற்றிச் சொன்னார்.

"தேன், மஞ்சள், துளசி இதுக்கெல்லாம் கிருமியத் தடுக்கிற குணம் இருக்குன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரியில சுத்தம் பண்ணின தேனச் சில புண்ணுக்குப் போடுறதும் உண்டு. அது டாக்டருங்க வேலை. நீங்க உருளைக்கிழங்குல மட்டும் போட்டுப் பாருங்க. எது கெடுது, எது கெடல, ஏன் கெடல? இத யாரு செய்யிறீங்க?"

யோகப்பிரியாவின் கை தானாகவே மேலே போனது. டீச்சரே ஆச்சரியப்பட்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெஸ்னாவும் கையைத் தூக்கினாள். யோகப்பிரியா எதில் சேர்ந்தாலும் ஜெஸ்னாவும் சேர்ந்துவிடுவாள்.

அன்று சாயங்காலம் இருவரும் வேகவைத்த உருளைக்கிழங்கை ஐந்து வில்லைகளாக வெட்டினார்கள். ஐந்து தட்டில் வைத்தார்கள். முதல் வில்லையில் ஒன்றும் தடவவில்லை. இரண்டாவதில் மஞ்சள். மூன்றாவதில் துளசிச் சாறு. நான்காவதில் அடுப்படியில் அம்மா வைத்திருந்த சித்திரை மாதத் தேன். அது கெட்டியாக, கரண்டியை விட்டு இறங்க மனசில்லாமல் இறங்கியது.

"அஞ்சாவது எதுக்குடி?" என்றாள் ஜெஸ்னா.

அப்பா கோயிலிலிருந்து திருப்பிக் கொண்டுவந்திருந்த பாட்டிலில் மிச்சமிருந்த தேனை யோகப்பிரியா அதில் ஊற்றினாள். "அப்பா தேனுக்கும் ஒரு பரீட்சை வைக்கணும்ல?"

கொஞ்ச நேரத்தில் நான்காவது வில்லை வியர்த்துப் போயிருந்தது. சித்திரைத் தேன் பட்ட இடத்தில் உருளைக்கிழங்கிலிருந்து தண்ணீர் கசிந்து தட்டில் நின்றது. யோகப்பிரியா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சரி, தட்டுகளை எங்கே வைப்பது?

இந்தக் கேள்வியே அந்த லயத்தில் யாருக்கும் வராது. மழைக்காலத்தில் அந்த மலையில் துவைத்த சட்டை ஐந்து நாளானாலும் காயாது. செருப்பில் பாசி பிடிக்கும். பாடப் புத்தகத்தில் பூஞ்சை பூக்கும். அதனால் யாருக்கு எது முக்கியமோ அது ஏலக்காய் ஸ்டோருக்குப் போய்விடும். பறித்த பச்சை ஏலக்காயைச் சூடு காட்டி உலர்த்துகிற கட்டடம்தான் ஸ்டோர். அங்கே அடுப்புக்கு விறகு போடுவது பொன்ராஜின் வேலை. அடுப்புப் பக்கத்துச் சுவரில் ஒரு நீளமான பலகை உண்டு. அதில் ரேஷன் கார்டு, சீருடை, யாருடையதோ கல்யாண ஆல்பம், அழகுத்தாய் அத்தையின் மூக்குக் கண்ணாடி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கோயில் பாட்டிலும் கோயிலுக்குப் போகும்வரை மூன்று வாரம் அங்கேதான் இருந்தது.

ஐந்து தட்டுகளும் அந்தப் பலகைக்கே போயின.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் ஸ்டோருக்கு ஓடினார்கள்.

"ஒண்ணுமே கெடல!" ஜெஸ்னா துள்ளிக் குதித்தாள். "நாம ஜெயிச்சுட்டோம்!"

யோகப்பிரியா முதல் தட்டை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் தடவாத வில்லை காய்ந்து, சுருண்டு, அப்பளம் மாதிரி இருந்தது. தட்டினால் 'டக் டக்' என்றது.

"கெட வேண்டியதும் கெடலயேடி."

"அதனால என்ன? அஞ்சும் மருந்துன்னு எழுதிருவோம்."

"வெறும் உருளைக்கிழங்கும் மருந்தா?"

ஜெஸ்னா கொஞ்சம் யோசித்தாள். "எழுதினா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு வேறு உருளைக்கிழங்கு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

யோகப்பிரியா மட்டும் அங்கேயே விறகுக் கட்டு மேல் உட்கார்ந்தாள். அடுத்த வெள்ளி கடைசி வெள்ளி. அதற்கு மறுநாள் ஜீப் வந்துவிடும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் அழுகேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று வில்லையிடம் கெஞ்சினாள். அது அசையவில்லை.

தகரக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அடுப்புச் சூடு முதுகில் இதமாகப் பட்டது. ஏலக்காய் வாசம் மூக்கு வழியாக ஏறித் தலைக்குள் போய் உட்கார்ந்தது. யோகப்பிரியாவின் கண்கள் மெல்ல மூடின.

ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்தது. பனியோடு சின்னஞ்சிறு ஆட்கள் வந்தார்கள். ஏலக்காய் விதையைவிடச் சின்னவர்கள். ஒவ்வொருவர் தோளிலும் பை, இடுப்பில் ஒரு தண்ணீர்க் குடுவை. அவர்கள்தான் கிருமிகள் என்று யாரும் சொல்லாமலே யோகப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் முதல் தட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள்.

"குடியிருக்க இடம் கிடைக்குமாங்க?"

"இடம் இருக்கு. தண்ணி இல்ல. இந்த ஸ்டோர்ல எல்லாம் வத்திப்போச்சு" என்றது உருளைக்கிழங்கு.

"தண்ணி இல்லாத ஊருல எப்படிங்க குடியிருக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவர்கள் சித்திரைத் தேனுக்குப் போனார்கள். ஒருவர் காலை வைத்தார். அவ்வளவுதான். தேன் அவருடைய குடுவையிலிருந்த தண்ணீரையும் 'சர்ர்' என்று உறிஞ்சிவிட்டது. "ஐயோ, இருந்ததும் போச்சே!" என்று அவர் ஒற்றைக் காலில் ஓடினார்.

கடைசியில் அவர்கள் கோயில் பாட்டிலுக்கு வந்தார்கள். உள்ளே இருந்து ஒரு குரல், "வாங்க, வாங்க, இங்க தண்ணி தாராளமா இருக்கு" என்றது. எல்லாரும் உள்ளே போனார்கள். அடுப்புப் பக்கமாதலால் நல்ல கதகதப்பு. சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், கும்மி அடித்தார்கள். ஆள் சேரச் சேர இடம் போதவில்லை. பாட்டில் மூடி மெல்லத் தூக்கியது.

டப்!

யோகப்பிரியா திடுக்கிட்டு விழித்தாள். அப்பா ஒரு விறகைக் கீழே போட்டிருந்தார்.

"தூங்கிட்டியா தாயி? வீட்டுக்குப் போ" என்றார் அவர். முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த ஒரு வாரமாகவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது யோகப்பிரியா கனவையே நினைத்துக்கொண்டு போனாள். கனவில் பார்த்தேன் என்று நோட்டில் எழுதினால் டீச்சர் மார்க் போட மாட்டார். ஆனால் வில்லை காய்ந்தது கனவில்லை. சித்திரைத் தேன் உருளைக்கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்ததும் கனவில்லை. கிருமிக்கு ஈரம் வேண்டும். இவளோ ஊரிலேயே ஈரமில்லாத ஒரே இடத்தில் கொண்டுபோய்த் தட்டுகளை வைத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை புது வில்லைகள் தயாராயின. இந்தத் தடவை லயத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைத்தார்கள். வாளியின் கைப்பிடியில்கூடப் பாசி பிடிக்கிற இடம் அது. கோழி கொத்தாமல் இருக்கக் கூடையைக் கவிழ்த்தார்கள்.

"ஆண்டவரே, இந்த உருளைக்கிழங்கு சீக்கிரம் நாறணும்" என்று ஜெஸ்னா கண்ணை மூடி ஜெபம் செய்தாள்.

புதன்கிழமை கூடையைத் தூக்கியதும் ஜெஸ்னா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அல்லேலூயா!" என்று கத்தினாள்.

ஒன்றும் தடவாத வில்லையில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை முளைத்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவ்வளவு அழகான நாற்றத்தை யோகப்பிரியா அதுவரை முகர்ந்ததில்லை. துளசி வில்லையில் அங்கங்கே புள்ளிகள். மஞ்சள் வில்லையில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம். சித்திரைத் தேன் வில்லை வைத்தபடியே சுத்தமாக இருந்தது.

ஐந்தாவதைப் பார்த்ததும் யோகப்பிரியாவின் மகிழ்ச்சி வடிந்துபோனது. கோயில் தேன் நுரைத்து, பழைய கஞ்சி வாடை அடித்தது.

"அப்ப உங்க அப்பா நெசமாவே..." என்று ஆரம்பித்த ஜெஸ்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லடி!" யோகப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. "நான் பக்கத்துலயே நின்னேன். குடை பிடிச்சிட்டு நின்..."

பேச்சு அப்படியே நின்றது.

குடை. எதற்குக் குடை? மழை. சித்திரையில் தேன் எடுத்தபோது குடை பிடித்தாளா? இல்லை. அப்போது நல்ல வெயில். யோகப்பிரியா தட்டை ஜெஸ்னாவின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

அப்பா பலாமரத்தடியில்தான் இருந்தார். ஜீப்பில் ஏற்றுவதற்காகப் பெட்டிகளைக் கட்டக் கயிறு அளந்துகொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு பெட்டியத் திறங்கப்பா. ஒரே ஒரு சட்டம் பாக்கணும்."

"இனி என்னத்தப் பாக்க?"

"ஒரே ஒரு தடவப்பா."

மழை சற்று விட்டிருந்தது. அப்பா மூடியைத் திறந்து, தேனடை கட்டியிருந்த ஒரு மரச்சட்டத்தைத் தூக்கினார். மேலே சில அறைகளை மட்டும் தேனீக்கள் மெழுகு வைத்து மூடியிருந்தன. கீழே இருந்த அறைகள் எல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே தேன் பளபளத்தது.

"கொஞ்சம் சாச்சுப் பிடிங்க."

அப்பா சாய்த்தார். திறந்த அறைகளிலிருந்து 'சொட் சொட்' என்று தண்ணீர் மாதிரித் தேன் விழுந்தது. மூடிய அறைகளில் ஒன்றை அவர் நகத்தால் கீறினார். தேன் எட்டிப் பார்த்ததே தவிர, இறங்கவில்லை.

"கதவு சாத்தாத வீட்டுல தேன் இன்னும் காயலப்பா" என்றாள் யோகப்பிரியா. மூச்சு வாங்கியது. "காஞ்சாத்தான் அதுங்க கதவச் சாத்தும். நீங்க மழையில எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டீங்க. தண்ணித் தேன பாட்டில்ல இறுக்க மூடி அடுப்பு ஓரத்துல வச்சா, அந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்? கிருமிக்கு அது நல்ல ஊருல்ல?"

அப்பா சட்டத்தையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"காயாத காயை மூட்டை கட்டினா நாலு நாள்ல பூத்துப்போகும்னு ஊருக்கே சொல்லித்தாரவன் நான்! தேனை மட்டும் பச்சையா மூட்டை கட்டிட்டேனே!"

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு நாள் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பலாமரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. யோகப்பிரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

கடைசி வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஐந்து தட்டுகள் வரிசையாக இருந்தன. ஜெஸ்னா தட்டுகளைக் காட்டினாள், யோகப்பிரியா சொன்னாள். ஒரு தட்டையும் அவள் மறைக்கவில்லை. நுரைத்த தேனையும் காட்டினாள். "இது எங்கப்பா குடுத்ததுதான். இதுல சீனிப்பாகு இல்ல, மழைதான் இருக்கு" என்றாள்.

ஏலக்காய் உலர்த்துகிற ஊருக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழகுத்தாய் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டுகளைக் குனிந்து பார்த்தார். முதல் தட்டு வந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். பிறகு பொன்ராஜிடம் போனார்.

"தம்பி, நான் வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மனசுல வச்சுக்கிராதப்பா."

"அட, விடுங்கக்கா" என்றார் பொன்ராஜ்.

"அது கிடக்கட்டும். ஏட்டி யோகா, என் மாங்கா ஊறுகாயும் வருசா வருசம் பூத்துப்போகுதே, அதுக்கும் ஒரு தட்டு வைப்பியா?"

அம்மா முருகேஸ்வரி அடுப்படியிலிருந்து சித்திரைத் தேன் பாட்டிலை எடுத்து வந்திருந்தாள். பூசாரி அதை வாங்கினார். கூட்டம் முழுவதும் சொல்லிவைத்தாற்போல் இரண்டடி பின்னால் நகர்ந்தது. பூசாரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு, மூடியைத் திருகினார்.

ஒரு சத்தமும் இல்லை. தேன் கயிறு மாதிரி நீளமாக, மெதுவாக, அம்மன் மேல் இறங்கியது.

"என்னப்பா பொன்ராஜ்," என்றார் பூசாரி, துண்டை இறக்கிவிட்டு, "சத்தமே இல்லாம இருந்தா சப்புன்னு இருக்கே!"

மறுநாள் ஏசுதாஸ் ஜீப்போடு வந்தார். அப்பா அவருக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். அம்மா சுட்ட அப்பத்தைக் கொடுத்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். பெட்டிகளை மட்டும் கொடுக்கவில்லை. "இது தெரிஞ்சிருந்தா டீசலாவது மிச்சமாகியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே ஏசுதாஸ் ஜீப்பைத் திருப்பினார்.

மூடுபனி ஏலச்செடிகளுக்குள் இறங்கி வந்தது. யோகப்பிரியா பலாமரத்தடிக்குப் போனாள். ஒரு பெட்டியின் மேல் மெதுவாகக் காதை வைத்தாள்.

ஆயிரக்கணக்கான சிறகுகள் உள்ளே தேனை உலர்த்த விசிறிக்கொண்டிருந்தன. வெளியே ஊரெல்லாம் ஈரம். பெட்டிக்குள் தேனீக்களுடைய ஸ்டோர் ஓடிக்கொண்டிருந்தது.